பழைய பேட்டரி சேர்க்கிறீர்களா? முதலில் டேப் வாங்குங்கள்

எங்கள் குடியிருப்பில் பழைய பேட்டரிகளை வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் வேலையை ஆறு வருடமாகப் பார்க்கிறேன். குப்பையில் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய பேட்டரிக் கட்டைகள் கொண்டுவந்தார். நானும் அதே மாதிரி தகர டப்பாவில்தான் ஆரம்பித்தேன். செய்யக் கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முனைகளை மூடாமல் கொட்டி வைப்பது

ரிமோட் கட்டை, பட்டன் செல் (காசு மாதிரி வட்டமான சின்ன பேட்டரி), மைக்கிலிருந்து எடுத்த 9 வோல்ட் பேட்டரி எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றிலும் டேப் இல்லை. "எல்லாம் செத்த கட்டைதானே அண்ணா" என்றார். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். மைக் ஓடவில்லை என்றால் மைக்குக்குப் போதவில்லை, அவ்வளவுதான். உள்ளே மின்சாரம் மிச்சம் இருக்கும். 9 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு முனையும் ஒரே பக்கம். ஒரு சாவியோ சில்லறையோ இன்னொரு கட்டையோ குறுக்கே விழுந்தால் ஷார்ட் ஆகிச் சூடேறும். பக்கத்தில் லித்தியம் செல் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

நான் ஆரம்பித்த வருடம், ஒரு ராத்திரி ஷூ ரேக் பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. டப்பாவைத் தொட முடியவில்லை. கரித்துணியால் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். உள்ளே போட்டிருந்த பேப்பர் ஓரமெல்லாம் கருத்திருந்தது. டப்பா இருந்த இடத்துக்கு நேர் மேலே பிள்ளைகளின் ஸ்கூல் பைகள் தொங்கின.

9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைக்கும் செல்லோ டேப் ஒட்டுங்கள். பட்டன் செல்லை இரண்டு பக்கமும் மூடும்படி டேப்புக்கு நடுவில் வையுங்கள். அப்புறம் பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள்.

உப்பிப்போன போன் பேட்டரி

அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

செத்த கட்டையை வெயிலில் காயவைப்பது, பல்லால் கடிப்பது

வேண்டாம்.

பட்டன் செல்லை மேசையில் விடுவது

லித்தியம் பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். செத்த செல்லும் அப்படித்தான். வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியை உடைக்கக் கொடுப்பது

ஈயமும் ஆசிடும் மண்ணில் இறங்கும். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

வருடக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போவது

2001-ல் வந்த விதிகள் ஈய பேட்டரிகளை மட்டுமே பார்த்தன. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் ரிமோட் கட்டை வரை எல்லாவற்றையும் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. அதனால் டப்பா நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். நாங்கள் மாதம் ஒருமுறை அனுப்பிவிடுகிறோம். அந்தத் தம்பியின் டப்பாவுக்கு டேப் ஒட்டி முடிக்க இரண்டு பேருக்கு ஒரு சாயங்காலம் ஆனது.