காலையில் குரல் கட்டுகிறதா? ராத்திரி சாப்பாட்டைக் கவனியுங்கள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் காலையில் எழுந்தாலே குரல் கரகரத்தது. மேல் ஸ்தாயியில் உடைந்தது. நெஞ்செரிச்சல் துளியும் இல்லை. தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஓயாத கனைப்பு மட்டும்தான். மிளகுக் கஷாயம், எலுமிச்சைச் சாறு, புதினா மிட்டாய் என்று எல்லாம் பார்த்தேன். இன்னும் மோசமானது.

ஈப்போவில் டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்த்து, எதுக்களிப்பு என்றார். உணவுக்குழாயின் மேலும் கீழும் உள்ள சுருக்குத் தசைகள் தளர்ந்தால், இரைப்பை அமிலமும், பெப்சின் என்ற செரிமான நொதியும் குரல்வளை வரை ஏறிவிடும். உணவுக்குழாய் ஓரளவு தாங்கும். குரல்வளைச் சவ்வு கொஞ்சம் பட்டாலே வீங்கும். வீங்கிய குரல் நாண் சீராக அதிராது. நெஞ்சு எரியாமலே குரல் கெடுவது இதனால்தான். என் கஷாயமும் எலுமிச்சையும் புண்ணில் காரம் தடவிய கதை. புதினாவோ கீழ்த்தசையை இன்னும் தளர்த்தும்.

முதலில் மாற்ற வேண்டியது நேரம். பயிற்சி முடிந்து பத்து மணிக்கு ஒட்டுக்கடையில் மீ கோரேங் (வறுத்த மீ), தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்), பதினொன்றுக்குப் படுக்கை: இதுதான் என் வழக்கம். இப்போது ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறேன். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அப்புறம் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குலம் உயரத்துக்குக் கட்டை கொடுங்கள். தலையணைகளை அடுக்காதீர்கள், இடுப்பு மடிந்து வயிறு அழுந்தும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. காலைப் பசியாறலுக்கு காரச் சம்பல் அள்ளிய நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றையும் கோப்பியையும் குறைத்தேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கனைக்கவே கூடாது. ஒவ்வொரு கனைப்பிலும் குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதி மேலும் வீங்கும். தோன்றும்போது ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். குரலுக்கு ஓய்வு என்று கிசுகிசுப்பதும் வேண்டாம், அது தொண்டையை இன்னும் இறுக்கலாம். மெதுவாக, இயல்பான குரலில் பேசுங்கள்.

டாக்டர் அமிலம் குறைக்கும் மாத்திரை கொடுத்தால், ஒமெப்ரசோல் போன்றவற்றைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போட வேண்டும். குரல் தெளிய மாதக்கணக்கில் ஆகலாம். எனக்கு மூன்று மாதம் ஆனது. குரல் கம்மல் நான்கு வாரம் தாண்டினால் தொண்டையைக் காட்டிவிடுங்கள். புகைபிடிப்பவர்கள், விழுங்கும்போது வலிப்பவர்கள், இருமலில் ரத்தம் பார்த்தவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.