மலையில் சுயேச்சையாக நிற்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

ஊட்டியில் ஆட்டோ ஓட்டுபவர், கோத்தகிரியில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர், ரிட்டையர் ஆன வாத்தியார், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய பையன் என்று தேர்தல் அறிவித்ததும் யாராவது ஒருவர் "இந்த முறை நானே நிற்கிறேன்" என்று கிளம்புவார். நிற்கட்டும், நல்லதுதான். கட்சிப் பின்னணி இல்லையே என்று இவர்கள் கவலைப்படுவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் கட்சி சத்தமில்லாமல் செய்து முடிக்கும் வேலையையெல்லாம் இனி யார் செய்வது என்று யோசிப்பவர்கள் குறைவு. சறுக்குவது அங்கேதான்.

முதலில் எந்தத் தொகுதி என்று பாருங்கள். நீலகிரி நாடாளுமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி, கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் அப்படித்தான். மலையில் பொதுத்தொகுதி என்றால் ஊட்டியும் குன்னூரும் மட்டுமே. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று இத்தனை பழங்குடியினர் வாழும் மாவட்டம் இது. ஆனாலும் கூடலூரில் பிறந்து வளர்ந்த ஒரு பணியர் கூடலூரில் எம்.எல்.ஏ.வுக்கு நிற்க முடியாது, ஏனென்றால் அங்கே பழங்குடிச் சான்றிதழ் செல்லாது. தமிழ்நாட்டில் அவர்களுக்கான தனித்தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும். அநியாயமாகத்தான் படுகிறது, ஆனால் அதை மனுத்தாக்கல் மேசையில் போய்ச் சண்டை போட்டு மாற்ற முடியாது. எம்.பி. தேர்தல் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் அதே தொகுதிதான், பாதித் தொகுதி சமவெளி. பச்சைத் தேயிலையை மட்டும் பேசிக்கொண்டு கீழே இறங்கினால் அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்து மனு. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். கோத்தகிரி சட்டமன்றக் கணக்கில் குன்னூர் தொகுதி. ஊட்டியில் நிற்கிற ஆள் கோத்தகிரி மாமனையும் சித்தப்பாவையும் கையெழுத்துப் போட வைத்தால் பரிசீலனையில் மனு போய்விடும். கைநாட்டு வைப்பவர்கள் இருந்தால் அதை அதிகாரி முன்னிலையில்தான் வைக்க வேண்டும், வீட்டிலேயே வைத்து எடுத்துக்கொண்டு போவது வீண். இந்தப் பத்துப் பேர் விதி வந்ததற்கு ஒரு காரணம் நம் பக்கத்து ஈரோடு மாவட்டம்தான். 1996-ல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்டுவதற்காக நின்று மொத்தம் 1,033 வேட்பாளர்கள் ஆகிவிட்டார்கள், வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாயிற்று. அந்த வருடமே சட்டத்தைத் திருத்தினார்கள், டெபாசிட்டையும் ஏற்றினார்கள். இப்போது சட்டமன்றத்துக்கு 10,000, நாடாளுமன்றத்துக்கு 25,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் டெபாசிட் காலி. அதைத் திரும்பி வராத காசு என்றே நினைத்துக் கட்டுங்கள்.

நேரம்? காலை 11 முதல் மாலை 3 வரைதான். கடைசி நாளில் நல்ல நேரம் பார்த்துக் கிளம்புகிற கூட்டம் ஒன்று உண்டு. அன்றைக்கு வியாழக்கிழமையாக அமைந்தால் ஒன்றரைக்கு மேல் ராகு காலம், அதற்குள் மஞ்சூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரியைத் தேடி அலைந்து... முதல் நாளிலேயே போய்விடுங்கள், தப்பு இருந்தால் மறுபடி கொடுக்கலாம், நான்கு செட் வரை வாங்கிக்கொள்வார்கள். பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது, எதுவும் இல்லையென்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். உறுதிமொழி எடுப்பது தனி வேலை, மனு கொடுத்த பிறகு, பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் முடித்துவிட வேண்டும். தேர்தல் செலவுக்கென்று தனி பேங்க் கணக்கையும் மனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

சின்னம் மனு வாபஸ் முடிந்த பிறகுதான் கையில் கிடைக்கும். அதற்குள் அவசரப்பட்டு நோட்டீஸ் அடித்துவிடாதீர்கள், கேட்ட சின்னம் இன்னொருவருக்குப் போய்விடலாம். அடிக்கும்போது அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் முகவரியோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கு. ஓட்டு மெஷினில் சுயேச்சைகள் கட்சிகளுக்கெல்லாம் கீழேதான் வருவார்கள். அதனால் சின்னத்தோடு வரிசை எண்ணையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் மனு போட்டார்கள். அவ்வளவு தெரிந்த முகத்துக்கே அந்த நிலை.

பிரச்சாரத்தில் பார்க்கிற பெரிய தவறு, கட்சிகள் செய்வதையே சின்னதாகச் செய்து பார்ப்பது. நான்கு ஜீப், மைக் செட், ஊட்டி சேரிங் கிராஸில் ஒரு கூட்டம். கடந்த சில தேர்தல்கள் ஏப்ரலில்தான் நடந்தன, மலையில் அது சீசன், ஜீப் வாடகையும் ஏறியிருக்கும், ரோட்டில் டூரிஸ்ட் வண்டி நிற்கிற இடத்தில் உங்கள் வண்டியும் நிற்கும். பாதி நாள் அதிலேயே போய்விடும். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு அவர்கள் இலை எடுத்து முடித்து வருகிற நேரத்தில் நடந்தே போங்கள். ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஊர்ப் பெரியவரைப் பார்ப்பது மரியாதை, கட்டாயம் பாருங்கள். ஆனால் அவர் தலையாட்டினால் ஊரே ஓட்டுப் போடும் என்று கணக்குப் போடாதீர்கள், வந்த எல்லாருக்கும் அவர் அப்படித்தான் தலையாட்டியிருப்பார். எங்கே போனாலும் ஒரு கேள்வி வரும்: "யாருக்காக ஓட்டைப் பிரிக்க நிக்கிறீங்க?" கோபப்படாமல், செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று வெளிப்படையாகச் சொல்லத் தயாராக இருங்கள். வேறு பதில் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் வாக்குறுதி. இலைக்கு மாதாமாதம் குறைந்தபட்ச விலை சொல்வது டீ போர்டு, அது மத்திய அரசு. கூடலூர் செக்‌ஷன் 17 நிலம், பழைய ஜென்மி நில உரிமையை ஒழித்த 1969 ஜென்மச் சட்டத்தின் 17-ம் பிரிவில் சிக்கி வருடக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது. நான் வந்தால் ஒரே மாதத்தில் பட்டா என்று பேசினால், நமக்கு முன்னால் அங்கே வந்து அதையே சொல்லிவிட்டுப் போனவர்கள் பட்டியலை மக்கள் ஒப்பிப்பார்கள்.

ஓட்டுப்பதிவு நாளன்று முக்கால்வாசி பூத்தில் சுயேச்சைக்கு ஏஜெண்ட் இருப்பதில்லை. காலையில் ஓட்டுப்பதிவு தொடங்கும் முன் மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டுவார்கள், முடியும்போது எத்தனை ஓட்டு பதிவானது என்று 17சி படிவ நகல் கொடுப்பார்கள். உங்கள் ஆள் அங்கே இல்லையென்றால் பின்னால் எண்ணிக்கையில் சந்தேகம் வந்தாலும் கையில் ஒரு தாள்கூட இருக்காது. எல்லாப் பூத்துக்கும் ஆள் போட முடியாதுதான், அதனால் உங்களுக்கு ஓட்டு விழும் என்று நம்புகிற பூத்துகளையாவது முன்கூட்டியே குறித்து ஆள் போட்டுவிடுங்கள்.

தோற்ற பிறகு எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முடியவில்லை. முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும், ஐயாயிரம் ரூபாய் செலவு செய்தவருக்கும் அது பொருந்தும். சரியான காரணம் இல்லாமல் கொடுக்காவிட்டால் 3 வருடம் தகுதி நீக்கம் செய்வார்கள். அந்த 3 வருடத்துக்குள் வருகிற தேர்தலில் நிற்க ஆசைப்பட்டாலும் மனுவை நிராகரித்துவிடுவார்கள்.