மோங்கோடிபியில் கடன் கணக்கைத் திருத்துவது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் மளிகைக் கடைக் கணக்கை மோங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருளில் வைத்திருந்தால், அடிக்கடி வரும் வேலை முகவரி மாற்றம்தான். லயத்து வீட்டிலிருந்து தாமானுக்கு, அதாவது புதுக் குடியிருப்புக்கு, குடிபோனவர்கள் அத்தனை பேர்.

பெயரை வைத்துத் தேடாதீர்கள், முனியாண்டிகள் நாலு பேர் இருப்பார்கள். அடையாள அட்டை எண்ணால் தேடுங்கள். அதை நம்பராக இல்லாமல் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்து வடிவில், சேமியுங்கள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் 0-வில் தொடங்கும்; நம்பராக்கினால் அந்த 0 போய்விடும், தேடலும் பொருந்தாது.

திருத்த, ஒரு பதிவை மட்டும் மாற்றும் அப்டேட்ஒன் (updateOne) கட்டளை, உள்ளே புது மதிப்பை வைக்கும் $செட் ($set). 'முகவரி.வீதி' என்று புள்ளி வைத்து எழுதுங்கள். 'முகவரி' என்று மொத்தமாகக் கொடுத்தால் அஞ்சல் குறியீடு உட்பட பழையது எல்லாம் அழியும். ரீப்ளேஸ்ஒன் (replaceOne) கட்டளை இன்னும் மோசம்: மோங்கோடிபியின் உள் அடையாளமான ஐடி (_id) தவிர அந்த வாடிக்கையாளரின் முழு ஆவணமும் மாறிவிடும்.

பாக்கித் தொகைக்கு $செட் வேண்டாம், இருக்கும் தொகையோடு கூட்டும் $இன்க்தான் ($inc). இரண்டு கல்லாவில் ஒரே நேரத்தில் பதிந்தாலும் கூட்டல் தவறாது. ரிங்கிட்டைச் சென்னாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள்: 12.50 என்பது 1250.

முடிவில், எத்தனை பதிவு பொருந்தியது என்று காட்டும் மேட்ச்ட்கவுண்ட் (matchedCount) 0 வந்தால் எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறீர்கள். பதிவு இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கும் அப்சர்ட்டை (upsert) மட்டும் போட்டுவிடாதீர்கள். அதே தப்பு எண்ணில் புது வாடிக்கையாளர் முளைத்துவிடுவார்.