வெளிநாடு கிளம்பும் முன் போனிலும் டேப்லெட்டிலும் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

குளச்சலில் இருந்து பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறவர், மார்த்தாண்டத்தில் இருந்து ரியாத்துக்கு நர்ஸாகப் போகிறவர், பேரப்பிள்ளையைப் பார்க்க ஷார்ஜாவுக்கு மூன்று மாதம் போகிற அம்மை. இவர்கள் மூன்று பேரும் போனில் செய்கிற தவறு பெரும்பாலும் ஒன்றுதான். அங்கே இறங்கியதும் புது சிம் வாங்கிப் போடுவார்கள், இந்திய சிம்மைக் கழற்றி பர்ஸில் போடுவார்கள். பத்து நாள் கழித்து வீட்டுக்குப் பணம் அனுப்பவோ, பேங்க் ஆப்பைத் திறக்கவோ போனால் ஓடிபி வராது. யுபிஐ ஆப் திரும்பவும் பதிவு செய்யச் சொல்லும். பதிவு செய்ய அந்தப் பழைய சிம் போனுக்குள் இருக்க வேண்டும், அதிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸும் வெளியே போக வேண்டும்.

ஆகவே முதலில் மனதில் வைக்க வேண்டியது: இந்திய சிம் உங்கள் வீட்டுச் சாவி. பேசவும் நெட் பார்க்கவும் அங்குள்ள சிம் போதும். சாவி மட்டும் எப்போதும் போனுக்குள்ளேயே இருக்கட்டும். இதற்கான வேலை முழுவதையும் நாகர்கோவிலிலோ தக்கலையிலோ வீட்டு வைஃபையில் உட்கார்ந்து முடித்துவிட வேண்டும். சாக்கையில் உள்ள திருவனந்தபுரம் சர்வதேச டெர்மினலில் வரிசையில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை இது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்

போனில் *#06# அடித்துப் பாருங்கள். இரண்டு ஐஎம்இஐ எண் (போனின் அடையாள எண்) வந்தால் இரண்டு சிம் வேலை செய்யும். கூடவே ஈஐடி என்று நீளமான ஒரு எண் வந்தால் இசிம்மும் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) எடுக்கும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள். போன் தொலைந்தால் போலீஸில் முதலில் கேட்பது இதைத்தான்.

விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு சிக்கல் உண்டு. சிம் ட்ரேயில் இரண்டாவது இடம் சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் பொதுவாக இருக்கும். ஒன்றைப் போட்டால் இன்னொன்றைப் போட முடியாது. விசா, வேலை ஒப்பந்தம் எல்லாம் மெமரி கார்டில் கிடந்தால், புது சிம் போடுகிற நிமிஷம் அவை போனில் இருந்து போய்விடும். ட்ரேயை இப்போதே ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். பொது இடம் என்றால் கார்டில் உள்ளதை எல்லாம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மாற்றுங்கள். ட்ரேயைத் திறக்கும் ஊசியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் மஸ்கட்டில் இறங்கி சேஃப்டி பின் தேட வேண்டாம்.

அடுத்தது ரோமிங், அதாவது இந்திய சிம்மை வெளிநாட்டு நெட்வொர்க்கில் ஓட்டுவது. உங்கள் சிம் கம்பெனியின் ஆப்பில் இன்டர்நேஷனல் ரோமிங் பகுதியைத் திறந்து, போகும் நாட்டின் பெயரைத் தேடுங்கள். மூன்று கேள்விக்கு விடை வேண்டும்: பேக் போடாமலே எஸ்எம்எஸ் வருமா, எஸ்எம்எஸ் அனுப்ப எவ்வளவு, வரும் அழைப்பை எடுத்தால் நிமிஷத்துக்கு எவ்வளவு. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ரோமிங்கில் வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு போகும். இடையில் வேறு நாட்டில் விமானம் மாறுவதாக இருந்தால் அந்த நாடும் பேக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கால் ஃபார்வர்டிங் போட்டிருந்தால் ##002# அடித்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். காரணம் இதுதான்: அழைப்பு துபாயில் இருக்கும் உங்கள் போனைத் தேடி வந்து, நீங்கள் எடுக்காததால் திரும்பவும் இந்திய எண்ணுக்குத் திருப்பி விடப்பட்டால், அந்தத் திரும்பும் பயணத்துக்கும் உங்களிடம்தான் காசு பிடிப்பார்கள்.

போனில் சேமித்த எண்கள் எல்லாம் +91 என்று தொடங்க வேண்டும். வெறும் பத்து இலக்கமாக இருந்தால் அங்கிருந்து அழைப்பு போகாது. வீட்டு லேண்ட்லைன் என்றால் எஸ்டிடி எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுக்க வேண்டும். நாகர்கோவில் 04652 என்பது +91 4652 ஆகும், குழித்துறை 04651 என்பது +91 4651 ஆகும்.

பேங்க் விஷயத்தில் இரண்டு வேலை. டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் மூடித்தான் இருக்கும், 2020 முதல் ரிசர்வ் வங்கி விதி அப்படி. பேங்க் ஆப்பில் கார்டு கன்ட்ரோல் பகுதியில் இன்டர்நேஷனலைத் திறந்து, ஒரு நாள் வரம்பைச் சின்னதாக வையுங்கள். இரண்டாவது யுபிஐ. புது போன் வாங்கும் எண்ணம் இருந்தால் கிளம்பும் முன்பே வாங்கி, யுபிஐ, பேங்க் ஆப், வாட்ஸ்அப் மூன்றையும் அதில் போட்டு ஒரு ரூபாயாவது அனுப்பிப் பாருங்கள். அங்கே போய் புது போனில் பதிவு செய்ய முயன்றால், ரோமிங்கில் எஸ்எம்எஸ் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இறங்கியதும் சிம் அமைப்பு

விமானம் தரை தொடும் வரை ஏரோப்ளேன் மோடை எடுக்காதீர்கள். சில விமானங்களில் வானத்திலேயே ஒரு நெட்வொர்க் இருக்கும். போன் அதைப் பிடித்துக்கொண்டால் சாதாரண ரோமிங் பேக்கில் அந்தக் கட்டணம் அடங்காது. கடல் பயணக் கப்பலிலும் இதே கதைதான்.

ஏரோப்ளேன் மோடை எடுக்கும் முன்பே இந்திய சிம்மில் டேட்டா ரோமிங் மூடியிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், நெட்வொர்க், சிம், அதற்குள் ரோமிங். ஐபோனில் செட்டிங்ஸ், மொபைல் சர்வீஸ், இந்திய எண், அதற்குள் டேட்டா ரோமிங். டேட்டா ரோமிங்கை மூடினால் எஸ்எம்எஸ் நிற்காது. நெட் மட்டும்தான் நிற்கும். இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பயந்து சிம்மையே கழற்றுகிறார்கள்.

புது சிம் போட்டபின் மொபைல் டேட்டாவுக்குப் புது சிம்மைத் தேர்ந்தெடுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிற ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தின் கீழே ‘அலவ் மொபைல் டேட்டா ஸ்விட்ச்சிங்’ என்று இருக்கும். சில ஆண்ட்ராய்டு போன்களில் ‘ஆட்டோ டேட்டா ஸ்விட்ச்சிங்’ என்று இருக்கும். அது திறந்திருந்தால், புது சிம்மில் சிக்னல் குறையும்போது போன் தானாகவே இன்னொரு சிம்மின் டேட்டாவுக்குத் தாவும். இந்திய சிம்மில் ரோமிங்கும் திறந்திருந்தால் பேலன்ஸ் காலி. இரண்டையும் மூடுங்கள்.

இசிம் வாங்குகிறவர்கள் வீட்டு வைஃபையிலேயே அதைப் போனில் ஏற்றிவிட வேண்டும். அந்த க்யூஆர் கோடு வேறொரு திரையில் தெரிந்தால் ஸ்கேன் செய்வது எளிது. டேப்லெட் இருந்தால் அதில் மெயிலைத் திறந்து வையுங்கள். பெரும்பாலான க்யூஆர் கோடுகள் ஒருமுறைதான் எடுக்கும். அங்கே போய் நெட் வரவில்லை என்று இசிம்மை அழித்துவிட்டால் திரும்ப ஏற்ற முடியாமல் போகலாம். அழிக்காதீர்கள், அந்த இசிம்முக்கு மட்டும் டேட்டா ரோமிங்கைத் திறந்து பாருங்கள். பயண இசிம் பெரும்பாலும் வேறு நாட்டுக் கம்பெனியுடையதாக இருக்கும் என்பதால் ரோமிங் திறந்தால்தான் ஓடும்.

எல்லை ஓரங்களில் இன்னொரு தொல்லை. தனுஷ்கோடியில் நின்றால் இலங்கை டவர் வரவேற்பு மெசேஜ் அனுப்பும் அல்லவா, அதுபோல அமீரகத்தில் ஓமன் எல்லைப் பக்கம் போனால் போன் ஓமன் டவரைப் பிடிக்கலாம். நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கில் இருந்து மேனுவலுக்கு மாற்றி, நீங்கள் சிம் வாங்கிய கம்பெனியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். கரையை விட்டு விலகி மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இது கட்டாயம்.

வருடக்கணக்கில் தங்குகிறவர்கள் இந்திய சிம்மை உயிரோடு வைக்க வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு சிம்மைக் கம்பெனி நிறுத்தலாம், அதன்பின் அந்த எண் வேறொருவருக்குப் போகும். உங்கள் பேங்க் ஓடிபியும் அவருக்குப் போகும் என்பதை யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒருவரிடம் ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்துக் கொடுங்கள், நீங்களும் மாதம் ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்.

வீட்டோடு பேசுவது

அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ், படம், வாய்ஸ் நோட் எல்லாம் போகும். வாட்ஸ்அப் கால் மட்டும் போகாது. வீடியோ காலும் அப்படியே. போன் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், அந்த நாட்டு விதி அது. அங்கே அனுமதி பெற்ற பாட்டிம் போன்ற ஆப் வழியாகப் பேசலாம். அந்த ஆப்பை ஊரில் இருக்கும் அம்மையின் போனிலும் போட வேண்டும் என்பதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். கிளம்பும் முன் ஒரே வீட்டில் இரண்டு அறையில் உட்கார்ந்து நாலைந்து தடவை பேசிப் பழக்குங்கள். துபாயில் இருந்துகொண்டு ‘அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்துங்க அம்மா’ என்று வாய்ஸ் நோட்டில் சொல்லிக் கொடுப்பது இரண்டு பேருக்கும் கஷ்டம்.

விபிஎன் (நெட்டில் இருக்கும் இடத்தை மறைக்கும் ஆப்) போட்டால் வாட்ஸ்அப் கால் போகும் என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். அமீரகத்தில் குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ விபிஎன் போட்டு ஐபி முகவரியை (நெட்டில் உங்கள் போனின் முகவரி) மாற்றினால் 5 லட்சம் திர்ஹம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு போன் காலுக்காக வேலையையும் விசாவையும் பணயம் வைக்க வேண்டாம்.

புது சிம் போட்டதும் ‘எண்ணை மாற்றவா’ என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே ஓடும்.

டேப்லெட்டின் உண்மையான பயன்

படம் பார்க்க மட்டும் என்று நினைத்தால் சுமைதான். போன் தொலைந்த அன்று டேப்லெட்தான் கை கொடுக்கும். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் வழியாக டேப்லெட்டை இணைத்து வையுங்கள். போன் அணைந்து கிடந்தாலும் 14 நாள் வரை டேப்லெட்டில் ஓடும், அதற்குள் வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் தகவல் சொல்லிவிடலாம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பேக்கப் கோடுகள் என்று பத்து எண் கிடைக்கும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். அதைத் தாளில் எழுதி ஒன்றை டேப்லெட் உறையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். ஓடிபி இல்லாமல் கணக்கைத் திறக்க அதுதான் வழி.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் பிடிஎஃப்பாக டேப்லெட்டிலேயே இறக்கி வையுங்கள், கூகுள் ட்ரைவில் மட்டும் இருந்தால் நெட் இல்லாத இடத்தில் திறக்காது. ஏரோப்ளேன் மோட் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், அதுதான் சரியான சோதனை. அமீரகம் போகிறவர்கள் பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திரா என்ற இந்தியர் உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 80046342 என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கூகுள் மேப்ஸில் போகும் ஊரின் வரைபடத்தை ஆஃப்லைனாக இறக்கலாம். நெட் இல்லாமலும் ஜிபிஎஸ் ஓடும். ஆனால் வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது, ஆகவே வழி காட்டும் வேலை போனுக்குத்தான். கூகுள் ட்ரான்ஸ்லேட்டில் தமிழும் அரபியும் இரண்டையும் இறக்குங்கள், ஒன்றை மட்டும் இறக்கினால் ஆஃப்லைனில் மொழிபெயர்க்காது.

போனின் ஹாட்ஸ்பாட்டில் டேப்லெட்டை இணைத்தால் அது வீட்டு வைஃபை என்றே நினைத்துக்கொண்டு ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாம் தொடங்கிவிடும். ஒரே ராத்திரியில் பேக் தீரும் காரணம் இது. ஐபேடில் அந்த வைஃபை பெயருக்குள் லோ டேட்டா மோடும், ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் மீட்டர்டு என்பதும் போடுங்கள்.

சார்ஜர், பவர் பேங்க், வெயில், உப்புத் தண்ணீர்

வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் பெரும்பாலும் மூன்று சதுரக் கம்பி பிளக். நம் உருண்டைக் கம்பி போகாது, பத்துக் கடையில் கேட்டாவது நல்ல அடாப்டர் வாங்குங்கள். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும், மின்னழுத்தம் மாற்றும் பெட்டி வேண்டாம்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறந்து எடுப்பார்கள். 100 வாட்-அவருக்குள் இருந்தால் அனுமதி. கணக்கு எளிது: பவர் பேங்கில் அச்சிட்டிருக்கும் எம்ஏஹெச் எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்கவும். 20,000 என்றால் 74 வாட்-அவர். எழுத்து அழிந்த பவர் பேங்கைப் பிடுங்கிக்கொள்வார்கள், கணக்குப் போட எண் தெரிய வேண்டும் அல்லவா. எமிரேட்ஸ் விமானத்தில் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரு பவர் பேங்க்தான், பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் கூடாது. ஆகவே ஏறும் முன்பே போனை முழுதாக சார்ஜ் செய்யுங்கள்.

ஐபோனை 45 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்பது ஆப்பிள் சொல்லும் அளவு. கல்ஃப் கோடையில் மூடிய காரின் டேஷ்போர்டு அதைத் தாண்டிவிடும். சூடேறிய போனை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோர்க்கும். உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள்.

படகில் வேலை செய்கிறவர்களுக்கு உப்புத் தண்ணீர்தான் எதிரி. சார்ஜ் ஓட்டை நனைந்த போனில் கேபிளைச் சொருகினால் உப்பும் மின்சாரமும் சேர்ந்து உள்ளே இருக்கும் உலோகப் புள்ளிகளை அரித்துவிடும். ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டத்தில் வைத்து, முழுதாகக் காய்ந்தபின் சார்ஜ் போடுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், அதன் தூசு உள்ளே போய் அடைக்கும்.

கடலில் பயன்படுத்திய துரையா சாட்டிலைட் போனை ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இந்தியாவில் அதற்குத் தடை, விமான நிலையத்திலேயே வழக்கு ஆகும். அங்கே வேலை செய்யும் இடத்திலேயே ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.