பிறந்த வாரத்தில் முதலிடத்தில் இருந்த பாட்டு எது? கண்டுபிடிக்கும் வழி

முதலில் நாட்டை முடிவு செய்யுங்கள். ஒரே வாரத்தில் அமெரிக்காவில் ஒரு பாட்டும் பிரிட்டனில் வேறொரு பாட்டும் முதலிடத்தில் இருக்கலாம். அமெரிக்காவுக்கு பில்போர்டு ஹாட் 100, அதாவது பில்போர்டு இதழின் வாராந்தரப் பாடல் தரவரிசைப் பட்டியல். 1958 ஆகஸ்ட் 4-இல் தொடங்கியது. பிரிட்டன் பட்டியல் 1952 நவம்பர் 14 முதல் உண்டு. விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பதிப்பில் அமெரிக்காவுக்கு ஆண்டுவாரியாகவும் பிரிட்டனுக்குப் பத்தாண்டுவாரியாகவும் முதலிடப் பட்டியல்கள் இருக்கின்றன.

பலரும் தவறுவது தேதியில்தான். பில்போர்டு பட்டியலில் இருப்பது இதழின் தேதி. 1962 முதல் அது சனிக்கிழமை. எடுத்துக்காட்டாக, 1985 டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை. அன்று பிறந்தவருக்கு நவம்பர் 30, டிசம்பர் 7 என இரண்டு பட்டியல்கள் பொருந்தும். பிறந்த நாளுக்கு அடுத்து வரும் சனிக்கிழமையை எடுப்பதே எங்கள் பரிந்துரை, ஏனென்றால் இதழ்த் தேதிக்குச் சில நாள் முன்பே பட்டியல் வெளியாகிவிடும். இரண்டையும் பார்த்துவிடுவது இன்னும் நல்லது. பிறந்த தேதியைத் தட்டினால் விடை சொல்லும் தளங்கள் எந்தச் சனிக்கிழமையை எடுத்தன என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அதனால் ஒருமுறை சரிபாருங்கள். பிரிட்டன் பட்டியலின் அதிகாரபூர்வத் தளத்தில் வாரத்தின் தொடக்கமும் முடிவும் சேர்ந்தே இருப்பதால் இந்தக் குழப்பம் இல்லை.

1990-களில் பிறந்தவர்கள் கவனிக்க: சிங்கிளாக (ஆல்பத்திலிருந்து தனியாக விற்கும் ஒற்றைப் பாட்டாக) விற்பனைக்கு வராத பாட்டுக்கு 1998 டிசம்பர் வரை ஹாட் 100-இல் இடமில்லை. அப்போது வானொலியில் ஓயாமல் ஒலித்த பாட்டு வேண்டுமென்றால், பில்போர்டின் வானொலி ஒலிபரப்புப் பட்டியலைத் தனியாகப் பாருங்கள்.