ஜெர்மனிக்குப் போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: பாத்திரம் கழுவும் மெஷின் சரியாகக் கழுவவில்லையா?

பக்கத்து வீட்டுப் பிள்ளை மியூனிக்கில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒருநாள் ராத்திரி போன் பண்ணி அழுதாள். "மாமி, மெஷின்ல போட்ட கிளாஸ் எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. தட்டுல மரச்சீனி ஒட்டினது ஒட்டினபடியே இருக்கு. கூட இருக்கிறவங்க நான்தான் மெஷினைக் கெடுத்துட்டேன்னு சொல்லுதாங்க."

மெஷின் கெடவில்லை. அதற்கு வேண்டிய உப்பு போடவில்லை, சல்லடையை யாரும் கழற்றிக் கழுவவில்லை, அவ்வளவுதான். நானும் அந்த நாட்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத்தான் தக்கலைக்குத் திரும்பினேன். முதல் வருஷம் எனக்கும் இதே பாடுதான். மார்த்தாண்டத்திலும் கருங்கலிலும் பிள்ளைகள் ராப்பகலாகப் படித்து ஜெர்மன் மொழியில் பி2 பரீட்சை எழுதுகிறார்கள். இலக்கணம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது; போய்ச் சேர்ந்த வீட்டில் அடுக்களை எப்படி ஓடும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அங்கணத்தில் உட்கார்ந்து நாரை வைத்துத் தேய்க்கும் கை அந்த மெஷினுக்கு இல்லை. அடியில் சேரும் தண்ணீரைச் சூடாக்கி, பம்ப் வைத்து, சுற்றும் குழாய்க்கைகளின் ஓட்டைகள் வழியாகப் பீச்சி அடிக்கும். மீதி வேலை சோப்பு மாத்திரையில் இருக்கும் காரமும் என்சைமும் செய்வது. தண்ணீர் படாத இடம் கழுவாது. ஆகவே பாத்திரம் அழுக்காக வந்தால் எடுத்தவுடனே ரிப்பேர்காரரைக் கூப்பிடாதீர்கள். என்ன அழுக்கு என்று பாருங்கள், விரலால் தொட்டுப் பாருங்கள்.

வெள்ளையாகப் படிந்திருந்தால் அது தண்ணீரின் வேலை. நமக்கு இது பழக்கமில்லாத சங்கதி. நாகர்கோவிலுக்கு முக்கடல் அணைத் தண்ணீர் வருகிறது, மேற்கே பேச்சிப்பாறைத் தண்ணீர் வருகிறது. மலையில் இருந்து இறங்கும் அந்தத் தண்ணீரில் சோப்பு தொட்டவுடனே நுரைக்கும். கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் நுரைக்காத தண்ணீர் தெரியும். மியூனிக் தண்ணீர் குடிக்க அருமையானது, ஆனால் சுண்ணாம்புச் சத்து நிறைய. லண்டனும் அப்படியே. கிளாஸ்கோவுக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே வருவது ஏரித் தண்ணீர், நம்ம ஊர்த் தண்ணீர் மாதிரியே மென்மையானது.

வெள்ளைப் படிவு சுண்ணாம்பா என்று பார்க்க, கிளாஸில் ஒரு சொட்டு வினிகர் விட்டுத் தேயுங்கள். போய்விட்டால் சுண்ணாம்பு, சரி செய்துவிடலாம். போகாமல் மங்கலாகவே இருந்தால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. அதை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. மென்மையான தண்ணீரில் அளவுக்கு மீறி சோப்பு போட்டு, அதிகச் சூட்டில் திரும்பத் திரும்பக் கழுவினால் இப்படி ஆகும்.

சுண்ணாம்புக்கு மருந்து உப்பு. கீழ்த்தட்டை வெளியே எடுத்தால் மெஷினின் அடித்தளத்தில் ஒரு திருகு மூடி இருக்கும். அதுதான் உப்புக் குழி. அதை ஒட்டி மெஷினுக்குள்ளே தண்ணீரை மென்மையாக்கும் பிசின் மணிகள் இருக்கின்றன, அவற்றை அவ்வப்போது புதுப்பிப்பதுதான் இந்த உப்பின் வேலை. அது பாத்திரத்தின் மேல் படுவதில்லை. புது மெஷினில் முதல் தடவை மட்டும் அந்தக் குழியில் தண்ணீர் நிறைய ஊற்றி, பிறகு உப்பைக் கொட்டுங்கள். கிட்டத்தட்ட ஒரு கிலோ பிடிக்கும். கடையில் டப்பா மேல் 'ஷ்பெட்சியால்சால்ட்ஸ்' என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், விலை மிகக் குறைவு. சமையல் உப்பைப் போடாதீர்கள். அதில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் மெஷினைக் கெடுக்கும். புத்தளத்துக் கல்லுப்பைப் பெட்டியில் கொண்டுபோயிருந்தால் அது மீன் கறிக்கு இருக்கட்டும். உப்புக் குழியில் சோப்புப் பொடியைப் போட்டுவிட்டால் மென்மையாக்கும் பகுதியே பாழாகிவிடும், அந்த மூடியைத் திறக்கும்போது கவனம். வெளியே சிந்திய உப்பு ஸ்டீலை அரிக்கும், ஆகவே உப்பு போட்ட கையோடு மெஷினை ஓட விடுங்கள்.

உப்பு போட்டால் மட்டும் போதாது, உங்கள் ஊர்த் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று மெஷினுக்குச் சொல்லவும் வேண்டும். ஜெர்மனியில் இதை 'டிகிரி டிஹெச்' என்ற அளவில் சொல்வார்கள். 8.4க்குக் கீழே மென்மை, 14க்கு மேலே கடினம். நகரத்துத் தண்ணீர் வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் தெருவுக்கான எண் கிடைக்கும். அதை மெஷினின் செட்டிங்கில் வையுங்கள். முன்பு குடியிருந்தவர் எதையோ வைத்துவிட்டுப் போயிருப்பார், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். எல்லாம் ஒன்றிலேயே இருக்கிறது என்று விற்கும் மாத்திரை வாங்கினால் உப்பு வேண்டாம் என்பார்கள். கடினத் தண்ணீர் ஊரில் அதை நம்பாதீர்கள், உப்பும் போடுங்கள். 2017 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தச் சோப்புகளில் பாஸ்பேட்டைப் பெரும்பாலும் குறைத்துவிட்டார்கள். ஆற்றுக்கு அது நல்லது. ஆனால் சுண்ணாம்பைப் பிடித்து வைக்கும் வேலையை முன்பு பாஸ்பேட் செய்தது. இப்போது அந்தப் பாரம் உப்பின் மேல்தான்.

கதவின் உள்பக்கம் சோப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய மூடி இருக்கும், அது 'கிளார்ஷ்ப்யூலர்' என்ற திரவத்துக்கு. தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்து போகச் செய்வது அது. கிளாஸில் நீல நிறம் கலந்த வழவழப்பு தெரிந்தால் அந்தத் திரவம் கூடிப்போயிற்று, அளவைக் குறையுங்கள்.

இனி நம்ம சாப்பாட்டுக்கு வருகிறேன். அந்த மெஷினோடு வரும் கையேட்டில் மரச்சீனியும் தேங்காய் எண்ணெயும் இருக்காது.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம்ம ஊரில் மார்கழி விடியலில் மட்டும் பாட்டிலில் உறைந்து பார்த்திருப்பீர்கள். அங்கே அடுக்களையே 20 டிகிரிதான், வருஷத்தில் பாதி நாள் எண்ணெய் கட்டியாகவே இருக்கும். தட்டில், சட்டியில், மெஷினின் சல்லடையில், வெளியே போகும் குழாயில், எல்லா இடத்திலும் மெழுகு மாதிரிப் பிடிக்கும். பாத்திரம் பிசுபிசு என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். தேங்காய் அரைத்த குழம்புச் சட்டியை மெஷினில் வைக்கும் முன் ஒரு காகிதத்தால் துடைத்து, அந்தக் காகிதத்தைக் குப்பையில் போடுங்கள். அரைமணி நேர அவசரக் கழுவல் நம்ம பாத்திரத்துக்கு ஆகாது. 'எக்கோ' என்று இருப்பது ஏறக்குறைய 50 டிகிரியில் மூன்று நாலு மணி நேரம் ஓடும்; மின்சாரமும் தண்ணீரும் மிச்சம், அன்றாடத்துக்கு அது போதும். மீன் கறி வைத்த நாளிலும் பொரித்த நாளிலும் 65, 70 டிகிரி ஓடும் 'இன்டென்சிவ்' வையுங்கள். அடுக்குமாடி வீடாக இருந்தால் ராத்திரி 10 மணிக்குப் பிறகு அமைதி நேரம் என்பதை நினைவில் வைத்து, முன்கூட்டியே ஆரம்பியுங்கள்.

மரச்சீனியும் சோறும் புட்டும் மாவுச்சத்து. காய்ந்தால் பசை. மாவைக் கரைக்கும் என்சைம் மாத்திரையிலேயே இருக்கிறது, ஆனால் கட்டியாகக் காய்ந்ததை அதனால் கரைத்துத் தீர்க்க முடியாது. தட்டைச் சுரண்டிவிட்டு, காய்ந்ததை மட்டும் பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவையுங்கள். அதற்காக முழுதும் கழுவிப் பளபளவென்று மெஷினில் வைக்க வேண்டாம். 'ஆட்டோ' முறையில் ஓடும் பல மெஷின்கள் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் நேரத்தை முடிவு செய்யும். கழுவிய பாத்திரத்தை வைத்தால் வேலை குறைவு என்று நினைத்துச் சீக்கிரம் முடித்துவிடும், அடியில் இருக்கும் ஒரே ஒரு கறிச்சட்டி அழுக்காகவே நிற்கும்.

பருக்கையும் துகளும் ஒட்டி வந்தால் சல்லடையைப் பாருங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, கீழ்த்தட்டை எடுத்து, நடுவில் இருக்கும் உருளையை இடப்பக்கம் திருகி மேலே தூக்குங்கள். கறிவேப்பிலைக் காம்பு, நெத்திலி முள், தேங்காய்த் திப்பி, எல்லாம் அங்கே இருக்கும். கை விடும் முன் உடைந்த கண்ணாடி கிடக்கிறதா என்று பாருங்கள். பழைய பல் பிரஷ்ஷால் வெந்நீரில் கழுவித் திரும்பப் பொருத்துங்கள். சரியாகப் பூட்டாவிட்டால் முள் பம்புக்குள் போய்விடும். நம்ம சமையலுக்கு வாரம் ஒரு தடவை இதைச் செய்யத்தான் வேண்டும்.

மேல்தட்டுப் பாத்திரம் மட்டும் அழுக்காக வந்தால் மேலே இருக்கும் குழாய்க்கையைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். கடகட என்றால் உள்ளே கடுகு. தாளித்த கடுகு அந்த ஓட்டைகளில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும், நான் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். ஊரில் என்றால் ஈர்க்குச்சி கைக்கு அருகில் இருக்கும், அங்கே பல்குச்சி. ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி, குழாயடியில் பிடித்து உதறுங்கள். கதவை மூடும் முன் எப்போதும் இரண்டு குழாய்க்கைகளையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் அகப்பை தடுத்தால் அன்றைக்கு எதுவும் கழுவாது.

மாத்திரை கரையாமல் கிடந்தால், பெரிய தட்டு ஒன்று அதன் மூடியை மறித்திருக்கும். நம்ம சாப்பாட்டுத் தட்டு அகலமானது, அதைப் பின்பக்கமாக வையுங்கள். கிண்ணமும் டம்ளரும் கவிழ்ந்து இருக்க வேண்டும், ஒன்றுக்குள் ஒன்று போகக் கூடாது. கையால் கழுவும் சோப்புத் திரவத்தை மட்டும் மெஷினில் ஊற்றிவிடாதீர்கள், நுரை பொங்கித் தரை முழுக்க வரும்.

மஞ்சள் கறை பிளாஸ்டிக்கில் பிடித்தால் எந்த மெஷினும் எடுக்காது. கழுவி ஜன்னல் வெயிலில் வையுங்கள், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாக மங்கும். சாளை வாடை அடித்தால் காலி மெஷினில் சிட்ரிக் அமிலப் பொடி போட்டு, அந்த டப்பாவில் சொன்ன அளவிலும் சூட்டிலும் ஒரு தடவை ஓட்டுங்கள். வேலை முடிந்ததும் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் வாடை தங்காது.

அலுமினியக் குக்கரும் இட்லித் தட்டும் மெஷினில் கறுத்துப்போகும். தோசைக்கல்லின் எண்ணெய்ப் பக்குவம் போய்த் துருப்பிடிக்கும். சிரட்டை அகப்பை வெடிக்கும். அம்மா துணி சுற்றிப் பெட்டியில் வைத்துத் தந்த மண்சட்டி சோப்பைக் குடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த மீன் கறியில் அது ருசிக்கும். இவற்றைக் கையாலேயே கழுவுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் அடியில் தண்ணீர் நின்றாலோ, தண்ணீர் சூடாகவில்லை என்றாலோ, அப்போது அது ரிப்பேர். வாடகை வீட்டில் மெஷின் வீட்டுக்காரருடையது என்றால் நீங்களே ஆள் கூப்பிட வேண்டாம். என்ன நடக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, திரையில் வரும் எண் என்ன என்று எழுதி, போட்டோவோடு அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தப் பிள்ளைக்கு அது தேவைப்படவில்லை. உப்பு போட்டு, சல்லடையைக் கழுவி, மேல் குழாய்க்கையிலிருந்து ஏழு கடுகு எடுத்தாளாம். மறுநாள் காலை டியூட்டிக்குப் போகும் முன் கிளாஸைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள், வெளிச்சம் அப்படியே ஊடுருவிப் போனது.