பாலடின் அருகில் நின்றால் மந்திரம் பலிக்கவில்லை: என் அனுபவம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டு), 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். ஆட்டத்தை நடத்துவது நான். வில்லன் எந்த மந்திரத்தைப் போட்டாலும் ஆறாம் லெவல் குழு சேவிங் த்ரோவில் (மந்திரத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) தப்பியது. நாள்கணக்கில் மண்டை காய்ந்தது.

வில்லனின் டிசி, அதாவது தப்ப பகடையில் எட்ட வேண்டிய எண், 15 (8 + புரொஃபிஷியன்சி எனும் தேர்ச்சி போனஸ் 3 + இன்டெலிஜென்ஸ் எனும் அறிவு போனஸ் 4). அதை 17 ஆக்கியதில் தள்ளி நின்றவர்கள்தான் மாட்டினார்கள். காரணம் பாலடின் எனும் புனித வீரரின் பாதுகாப்பு வளையமான ஆரா ஆஃப் புரொடெக்ஷன். 10 அடிக்குள், அதாவது இரண்டு கட்டங்களுக்குள், நிற்கும் கூட்டாளிகளின் எல்லா சேவிங் த்ரோவுக்கும் அவரது கரிஸ்மா (ஆளுமை) போனஸ் சேரும். கரிஸ்மா 18 என்றால் +4.

ஹோல்ட் பெர்சன் என்ற முடக்கும் மந்திரத்தைப் போட்டு பாலடினை உறைய வைத்தும் ஆரா அணையவில்லை. பலரும் கவனிக்காதது இதுதான்: செயலிழந்தால் போதாது, நினைவே தப்ப வேண்டும்.

கைகொடுத்தது ஸ்லீப் எனும் தூக்க மந்திரம். அதற்கு சேவிங் த்ரோவே கிடையாது; ஹிட் பாயின்ட் (மிச்சமுள்ள உயிர்ப் புள்ளி)தான் கணக்கு. முதல் நிலையில் 5டி8 (எட்டு முகப் பகடை ஐந்தின் கூட்டுத்தொகை), சராசரி 22.5. மூன்றாம் நிலை ஸ்லாட்டை (மந்திரம் போடச் செலவாகும் வாய்ப்பு) செலவழித்தால் 9டி8, சராசரி 40.5. அதனால் முதலில் பாலடினை அடித்து அந்த அளவுக்குக் கீழே இறக்க வேண்டும். எல்ஃப், ஹாஃப்-எல்ஃப் இனத்துப் பாலடினிடம் இது செல்லாது. 20 அடி ஆரமுள்ள வட்டத்துக்குள் ஹிட் பாயின்ட் குறைந்தவரே முதலில் தூங்குவார் என்பதால், வில்லனின் அடியாட்களை முன்பே வெளியே நகர்த்திவிடுங்கள். தூங்கியவரை யாராவது ஒரு ஆக்‌ஷன் செலவழித்து உலுக்கினால் எழுந்துவிடுவார். பெரிய மந்திரத்தை அதற்குள் போட்டாக வேண்டும்.